மேல் வரிசையில் குறைத்த பெட்ரோல்

உங்கள் போலீஸ் ஜீப்புக்கு ஏர் ஃபில்டர் மாற்றி ரொம்ப நாளாகிவிட்டது போலிருக்கிறது, மேடம். வாசலில் டிரைவர் ஸ்டார்ட் செய்தபோது கேட்டேன். சளி பிடித்த மாதிரி இழுக்கிறது. சின்ன வேலைதான். சொல்லாமல் போக மனசு வரவில்லை.

நான் வந்தது வேறு விஷயத்துக்கு. என் கணவரின் விபத்து பற்றிய உங்கள் அறிக்கையைப் படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் ‘காரை டியூன் செய்தவரின் கவனக்குறைவு’ என்று இருக்கிறது. டியூன் செய்தவள் நான். என் வேலையில் கவனக்குறைவு என்று இதுவரை எவரும் சொன்னதில்லை. அதைத் திருத்தித் தர வேண்டும்.

எங்களுக்குக் கீழே ஷெட், மேலே வீடு. டர்போ கார்களுக்கு வேகம் கூட்டித் தருவது தொழில். அவர் ஓட்டுவார், நான் லேப்டாப்பும் கையுமாக இருப்பேன். “ஊர்ல பொண்ணுங்க குழந்தைக்குப் பால் குடுக்கறாங்க, என் மருமக எஞ்சினுக்குக் குடுக்கறா” என்று அத்தை சொல்வார். கேலிதான், ஆனால் சரியான விளக்கமும் அதுதான்.

டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற விசிறி. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். சாப்பிட வந்தவர்கள் இரண்டு மடங்கானால் பாத்திரமும் கரண்டியும் பெரிதாக வேண்டாமா, அதே கணக்கு. பெரிய பம்ப், பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரும் பெரிது, தடித்த குழாய். எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் என்று லேப்டாப்பில் எண்களால் ஒரு கட்டம் நிரப்ப வேண்டும். கீழ் வரிசை, கார் ஊர்ந்து போகும்போது. மேல் வரிசை, டிரைவர் காலை முழுசாக அழுத்தும்போது. பெட்ரோல் அதிகமானால் எஞ்சின் குளிர்ச்சியாக, கொஞ்சம் சோம்பலாக ஓடும். குறைந்தால் சுறுசுறுப்பாகப் பறக்கும். இன்னும் குறைந்தால் உள்ளே பிஸ்டன் உருகும். இதற்கு நடுவில்தான் என் சாப்பாடு.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. எண்களை எழுதியவர், முதல் முழு ஓட்டத்தில் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும். “தப்பா எழுதியிருந்தா நீயும் கூட வா, டாக்டரம்மா” என்பார் அவர். கல்யாணமான நாளிலிருந்து என் இடம் அதுதான். மடியில் லேப்டாப், பக்கத்தில் அவர் சிரிப்பு. எங்களுக்குத் தேனிலவு என்று தனியாக எங்கும் போகவில்லை. தேவைப்படவுமில்லை.

அப்போதுதான் கோட்டுக்காரர் வந்தார். அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றவில்லை. பெரிய பந்தய டீம் ஒன்றின் மேனேஜர்.

“தம்பி, உங்க கை தங்கம். எங்ககிட்ட வந்துடுங்க. வெளிநாடு, வீடு எல்லாம் நாங்க பாத்துக்கறோம்.”

“டியூனிங் எல்லாம் இவங்கதான் சார். இவங்களும் வரணும்” என்றார் என் கணவர்.

“அதுக்கு எங்ககிட்ட ஒரு ரூம் நிறைய ஆளுங்க இருக்காங்க. தங்கச்சி லீவுக்கு வந்து வேடிக்கை பாக்கட்டும். எங்க கார்ல ஒரே சீட்டு.”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். நானும் சிரித்தேன், காபி கொடுத்தேன்.

“ரெண்டே வருஷம்தான். போயிட்டு ஓடி வந்துடறேன்” என்றார் இவர், கோட்டுக்காரர் போன பிறகு.

“போங்களேன், யாரு புடிச்சு வச்சிருக்கா?” என்றேன்.

பந்தயத் திடலில் எங்கள் காரிலேயே ஓட்டிக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. நான் மனசாரத்தான் வேலை செய்தேன், மேடம். புது பம்ப், புது இன்ஜெக்டர்கள், தொட்டி முதல் எஞ்சின் வரை புதுக் குழாய். ஒரு சொட்டு கசியவில்லை. பம்ப் விற்ற பையனைக் கூப்பிட்டு மிரட்டினீர்களாமே, பாவம், அவனை விட்டுவிடுங்கள். கீழ் வரிசையும் நடு வரிசைகளும் நான் எழுதியதிலேயே சிறந்தவை. மேல் வரிசையில் மட்டும் பெட்ரோலைக் குறைத்தேன். எஞ்சினுக்குள் தட்டல் கேட்டால் வேகத்தை அடக்கும் காவல் ஒன்று இருக்கிறது. அதற்கும் ஒருநாள் லீவு கொடுத்தேன்.

என் கணக்கு எளிமையானது. கடைசி நேர்ச்சாலையில் ஒரு பிஸ்டன் உருகும். கொஞ்சம் புகை வரும். கோட்டுக்காரர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார். நாங்கள் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, யார் மேல் தப்பு என்று சந்தோஷமாகச் சண்டை போடுவோம். யாருக்கு என்ன நஷ்டம்?

எடை குறையட்டும் என்று பக்கத்து சீட்டையும் கழற்றினேன்.

“அப்ப நீ எங்க உக்காருவே?” என்றார் அவர்.

“உங்க மடியிலயா? வெளிய நின்னு பாக்கறேன்.”

“டாக்டரம்மா, வழக்கத்தை மீறுறே.”

“நீங்க ஜெயிச்சுட்டு வாங்க, தோப்புக்கரணம் போடறேன்.”

சிரித்தார், ஆனால் முகம் வாடிவிட்டது. சீட் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால், அதற்குக் கீழே மாட்டியிருந்த தீயணைக்கும் சிவப்பு சிலிண்டரையும் நான் எடுத்துவிட்டதைக் கவனிக்கவில்லை. அதுவும் எடைதானே.

கார் எப்படிப் பறந்தது தெரியுமா? கோட்டுக்காரர் “அடேயப்பா” என்று வாய்விட்டுச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. நேர்ச்சாலை வந்தது. அவர் காலை முழுசாக அழுத்தினார், மேல் வரிசை வேலை செய்தது. பிஸ்டன் உருகினால் எண்ணெய் வெளியே பீறிடும், சிவக்கக் காய்ந்த டர்போ மேல் விழுந்தால் பற்றிக்கொள்ளும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கும் தெரியும்.

அவர் முதலில் பக்கத்தில் கையை விட்டு சிலிண்டரைத் தேடியிருக்கிறார். அதில் கொஞ்ச நேரம் வீணானது. அதற்குள் சீட் பெல்ட்டின் கொக்கி பழுக்கக் காய்ந்துவிட்டது. வெறும் விரலால்தான் கழற்றினார். மற்றபடி பெரிய சேதமில்லை. முகம் அப்படியே இருக்கிறது, களையாக.

இப்போது வீடு கலகலவென்று இருக்கிறது, மேடம். நான்தான் ஊட்டுகிறேன், தலை வாரிவிடுகிறேன். மீசையைக் கோணலாக வெட்டிவிட்டு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். “இப்படி ஒருத்தி கெடைக்க எம் புள்ள குடுத்து வச்சிருக்கணும்” என்று அத்தை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். கோட்டுக்காரர் ஒரு கூடை பழம் அனுப்பினார், அதோடு சரி.

“பம்ப்தான் காலை வாரிடுச்சு. நீ மனசுல வச்சுக்காத” என்று இவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அவ்வளவு நல்ல பம்பை அப்படிச் சொன்னது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

இன்று காலை சவரம் செய்துவிடும்போது திடீரென்று கேட்டார்: “அந்தச் செவப்பு சிலிண்டர் எங்க?”

“அலமாரி மேலதான் இருக்கு. பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்.”

பாதிக் கன்னத்தில் நுரையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “என்னை அம்மா வீட்ல விட்டுடு” என்றார்.

“ஆகட்டும். மொதல்ல இந்தப் பக்கம் திரும்புங்க, காயப்போகுது” என்றேன்.

அத்தையின் வீட்டில் மாடிப்படி வேறு செங்குத்து. வலியில் ஏதோ சொல்கிறார், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.

ஆகவே, அந்த வரியை இப்படி மாற்றிவிடுங்கள்: ‘மேல் வரிசையில் பெட்ரோலைக் குறைத்தவர் அவருடைய மனைவி, தெரிந்தே, யோசித்து, ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்துச் செய்தார்.’ கையெழுத்து எங்கே வேண்டுமோ அங்கே போடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது, வீட்டில் அவர் தனியாக இருக்கிறார்.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் ஒன்றும் அவரை அடைத்து வைத்திருக்கவில்லை, மேடம். கதவைப் பூட்டாமல்தான் வந்திருக்கிறேன். அவர் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் போகலாம். கைப்பிடிதான் உருண்டை, அதைத் திருப்ப விரல் மடங்க வேண்டும்.