லைன் வீட்டு வாசலில் அப்பா

"எங்கப்பா தோட்டத்துத் துரைக்கே குனியாத மனுசன்க்கா. படத்துல குனிஞ்சு நிக்கிறாரு!"

தானா ராத்தாவிலிருந்து கம்போங் ராஜா போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டுப் பெண் துணி சுற்றிய பெரிய படத்தை மடியில் நிறுத்தியிருந்தாள். பக்கத்திலிருந்தவள் அவளைவிடக் கொஞ்சம் மூத்தவள்.

"போட்டோ பாத்துதானே வரைஞ்சாரு? மாமா போயி ரொம்ப வருசமாச்சே."

"ஆமாக்கா. தோட்டத்துல நாங்க இருந்த பழைய லைன் வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி வேணும்னு கேட்டிருந்தேன். ஓவியரு லைனுக்கே போயி, கதவு, நிலை, ஆணி வரைக்கும் டேப்பு வச்சு அளந்து வரைஞ்சிருக்காரு. ஏண்ணே குனிய வச்சீங்கன்னு கோவமா கேட்டேன். நீங்க சொன்ன உசரத்துக்கு நிமிர்ந்து வந்தா நெத்தி நிலையில இடிக்கும்மாங்கிறாரு."

"யம்மா!"

"மாத்திக் குடுங்கன்னு திருப்பி அனுப்பலாம்னுதான் இருந்தேன்லா. அதுக்குள்ள அம்மா பாத்துட்டாங்க."

மூத்தவள் துணியை மெல்ல விலக்கிப் பார்த்தாள்.

"அத்தை என்ன சொன்னாங்க?"

"அப்பா வேலை விட்டு வந்து வாசல்ல நுழையும்போது தினமும் சொல்லுவாங்களே, அதையேதான் படத்தைப் பாத்துச் சொன்னாங்க. 'பாத்து வாங்க, தலை.'"