பொத்தான் வைத்த துப்பாக்கி

எனக்கு இடது காது சரியாகக் கேட்காது. கேள்வி கேட்பதானால் இந்தப் பக்கமாக வந்து உட்காருங்கள், ஷெரிஃப். முப்பத்தொரு வருடம் சோதனைக்கூடத்தில் நின்று துப்பாக்கி சுட்டால் காது அப்படித்தான் ஆகும். அதில் எனக்கு வருத்தமில்லை.

எங்கள் தொழிற்சாலையின் குட்டைத் துப்பாக்கி உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். இந்த மலைப்பக்கத்தில் அது இல்லாத வீடு குறைவு. கனமில்லை, புதருக்குள் மாட்டிக்கொள்ளாது, அடியில் உள்ள நெம்புகோலை ஒருமுறை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா தயார். தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியல் வெளியே கண்ணுக்குத் தெரியும். அதைக் கட்டைவிரலால் பாதி நிலையில் நிறுத்தினால் துப்பாக்கி தூங்கும், முழுக்க இழுத்தால் விழித்துக்கொள்ளும். குளிரில் விரல் மரத்துப்போனவனுக்குக்கூட அது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். உள்ளே சுத்தியலைப் பிடித்து நிறுத்த நகத்தளவு எஃகுக் கொக்கி ஒன்று உண்டு. அது சரியாக உட்காருகிறதா என்று பார்த்து என் முத்திரையைக் குத்தி அனுப்புவதுதான் என் வேலை. என் முத்திரை குத்திய துப்பாக்கி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

பிறகு புது முதலாளிகள் வந்தார்கள். முதலில் துப்பாக்கியின் வால்நட் மரப் பின்கட்டை போய், சாயம் பூசிய மலிவான பிர்ச் மரம் வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. குழலின் மெருகு போனது. அதற்கும் சொல்லவில்லை. போன வருடம் கர்ட் என்ற இளைஞனை வடிவமைப்புக்கு அனுப்பினார்கள். அவன் பாதி நிலையை எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் ஒரு பொத்தான் வைத்தான். கொக்கியைக் கடைந்து செய்வதை நிறுத்திவிட்டுத் தகட்டிலிருந்து வெட்டி எடுக்கச் சொன்னான்.

"இந்தப் பொத்தான் எதைப் பூட்டுது?" என்று கேட்டேன்.

"விசையை."

"சுத்தியலை?"

"விசையைப் பூட்டிட்டா சுத்தியல் எப்படி விழும், பெரியவரே?" சிரித்தான். "பழைய காதலியை விட மனசு வரல உங்களுக்கு."

அக்டோபரில் நாற்பது துப்பாக்கிகளை ஒரு ராத்திரி முழுக்கத் திறந்த கொட்டகையில் வைத்தேன். காலையில் ஒவ்வொன்றின் கட்டையையும் மரச்சுத்தியால் ஓங்கித் தட்டினேன். எண்ணெய் இறுகியதில் தகட்டுக் கொக்கி முழுதாக உட்காரவில்லை. பொத்தான் பூட்டியிருக்கும்போதே மூன்றில் சுத்தியல் தானாக விழுந்தது.

நான்கு பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தேன். கர்ட் முதல் பக்கத்தைப் படித்தான். "யாரு துப்பாக்கியைச் சுத்தியால அடிக்கப்போறாங்க?" என்றான். கிழித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். அவன் அதன்மேல் காபிக் கோப்பையை வைத்தான். மறுநாள் அந்த மூன்றுக்கும் முத்திரை குத்தச் சொன்னார்கள். குத்தினேன்.

பத்திரிகைக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். புதியது பிடிக்காத கிழவன் புலம்புகிறான் என்றிருப்பார்கள். எழுத்தால் இதை நிரூபிக்க முடியாது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அது ஒருவர் கையில் நடக்க வேண்டும். யார் கையில் என்று நிதானமாக யோசித்தேன். டஃப்ரெய்ன் சகோதரர்கள் கையில் நடந்தால் பயனில்லை. அவர்கள் பீர் இல்லாமல் காட்டுக்குள் போவதில்லை என்று ஊருக்கே தெரியும். பழி அவர்கள் மேல் போய்விடும்.

மெர்ல் பீஸ்லி அப்படியில்லை. செப்டம்பர் தோறும் தீயணைப்பு நிலையத்தில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவர் அவர்தான். வேலி தாண்டுமுன் தோட்டாவை வெளியே எடுக்காத நாள் அவர் வாழ்வில் கிடையாது. பொய் பேசத் தெரியாத மனிதர். கொரியப் போரில் நாங்கள் ஒரே கூடாரம். என் மனைவி போன பிறகு சனிக்கிழமை தவறாமல் அவர் மனைவி வேர்னா ஒரு பானை பீன்ஸ் கொடுத்தனுப்புவாள்.

தேவாலய வாசலில் மெர்லே பேச்சை எடுத்தார். "என்னோடதை மருமகனுக்குக் கொடுத்துட்டேன் ஆரின். உங்க புதுசு தேறுமா?"

"தேறும். நானே பார்த்து எடுத்துத் தர்றேன்."

"நீ முத்திரை குத்தினா கண்ணை மூடிக்கிட்டு வாங்குவேன்."

"கண்ணைத் தொறந்து வெச்சிருந்தாலே மான் தப்பிச்சிடுது இவர்கிட்டேருந்து," என்றாள் வேர்னா.

அந்த மூன்றில் ஒன்றைக் கொடுத்தபோது அவர் அந்தப் பொத்தானைப் பலமுறை அமுக்கிப் பார்த்தார். "இதை நம்பலாமா?" என்று கேட்டார். நம்பலாம் என்றேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை, பனி பிடித்த பாறைச் சரிவில் இறங்கும்போது மெர்லின் கால் வழுக்கியது. துப்பாக்கிக் கட்டை பாறையில் இடித்தது. முன்னால் இறங்கிக்கொண்டிருந்த வேர்னா அவருக்குக் கைகொடுக்கத் திரும்பியிருந்தாள். மிச்சம் உங்கள் கோப்பில் இருக்கிறது. அவள் அன்று கூடப் போவாள் என்று எனக்குத் தெரியாது. மெர்லின் காலில் படும், இல்லையென்றால் ஏதாவது மரத்தில் படும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன்.

வேர்னாவின் அடக்கம் முடிந்து நான்காம் நாள் மெர்ல் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தோம். நான் எடுத்துக்கொடுத்தேன். "பொத்தானைப் பூட்டித்தானே வெச்சிருந்தே?"

"பூட்டினேன்னுதான் நினைக்கிறேன்."

"அப்புறம் என்ன? அது துப்பாக்கியோட தப்பு. விசாரணையில அதைச் சொல்லு."

"உன் முத்திரை இருக்கு அதுல. தானா வெடிக்கிறதை நீ எனக்குக் குடுப்பியா? என் கைதான் எங்கேயோ பட்டிருக்கு. என்னைக் காப்பாத்தணும்னு உன் பேரையே கெடுத்துக்கப் பாக்கறே. வேண்டாம் ஆரின்."

விசாரணையில் அப்படியே சொன்னார், தன் தவறு என்று. பத்திரிகையில் ஆறு வரி வந்தது. தொழிற்சாலை மலர்வளையம் அனுப்பியது. கர்ட் கறுப்பு டை கட்டிக்கொண்டு மெர்லின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னான். அடுத்த திங்கள்கிழமை முதல் நாளொன்றுக்கு இருநூறு துப்பாக்கிகள்.

தொழிற்சாலை என்னைக் கைவிட்டதை நான் தாங்கிக்கொண்டேன். அவர்கள் அந்நியர்கள். மெர்ல் செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. உண்மை பேசுவார் என்று நம்பித்தானே ஊரில் இத்தனை பேர் இருக்க அவரைத் தேர்ந்தெடுத்தேன்? இப்போது வகுப்பு எடுப்பதில்லை. கதவைத் திறப்பதில்லை. தன்னையே தண்டித்துக்கொண்டு, தண்டிக்கப்பட வேண்டியவர்களை விட்டுவிட்டார். அவர் செய்யாததை நான் செய்ய வேண்டியிருப்பதால்தான் இங்கே வந்திருக்கிறேன்.

அந்தத் துப்பாக்கி உங்கள் அலமாரியில் இருக்கிறது. பிரித்துப் பாருங்கள். கொக்கியின் விளிம்பில் அரம் இழுத்த மெல்லிய இரண்டு கோடுகள் தெரியும். அவை நான் போட்டவை. அந்த மூன்றிலும் ஓங்கித் தட்டினால்தான் சுத்தியல் விழுந்தது. அந்த வேட்டைப் பருவத்துக்குள் நடக்குமோ நடக்காதோ என்று எனக்குச் சந்தேகம் இருந்தது, அதனால் கொடுப்பதற்கு முன் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் மறைக்க வரவில்லை. அந்த இரண்டு கோடுகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஷெரிஃப், குற்றம் முழுக்க அவர்களுடையது.