நடுவில் நிற்பவர்

"இல்ல செங்கொடி, பயத்துல உளறுற ஆளு கெடயாது அவன். மெஷின்ல இன்னா வந்துச்சோ அத்த மட்டுந்தான் சொல்வான். எங்கிட்ட சொல்லும்போது கூட அழல."

"அழலன்னா இன்னா? நீ கதைய சொல்லு நைனா. கரண்டு வந்துடப் போவுது."

ராயபுரத்தில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடி. கரண்டு போன இருட்டில் ஐந்து பேர் நெருங்கி உட்கார்ந்திருந்தோம். ஜஹாங்கீர் சொன்னது அவன் மச்சான் முபாஷிருக்கு நடந்தது.

இரவு இரண்டு பத்து. நெட்டுக்குப்பம் சாலையில் ஒரு லாரிகூட இல்லை. சிக்னல் சோதிக்கும் வேலை. முகத்துவாரத்தின் இந்தக் கரையில் முபாஷிர், ஒரு லேப்டாப், ஓர் ஆண்டனா. எதிர்க்கரையில் கூட வேலை செய்யும் குணசேகரன், சிக்னல் அனுப்பும் பெட்டியோடு. நடுவில் இருநூறு மீட்டர் தண்ணீர்.

அங்கிருந்து கிளம்பும் சிக்னல் எவ்வளவு என்று முன்பே தெரியும். இங்கே வரும்போது குறைந்திருந்தால் வழியில் ஏதோ இருக்கிறது. ஓர் ஆள் குறுக்கே வந்தாலும் திரையில் கோடு இறங்கும். எவ்வளவு தூரத்தில் என்றும் காட்டும். அது புதுப் பெட்டி. தடை பத்து விநாடி அசையாமல் நின்றால் அதைக் கற்றுக்கொண்டு, சிக்னலைச் சுற்றி அனுப்பிவிடும். அப்புறம் கோடு நேராகிவிடும். நடுவில் யாருமே இல்லாததுபோல.

முபாஷிரின் அப்பா, அவன் அத்தா என்று கூப்பிடும் மதார் சாகிப், அந்த முகத்துவாரத்தில்தான் படகு கவிழ்ந்து போனார். நாற்பது நாள் ஆகியிருந்தது. உடல் கிடைக்கவில்லை. முபாஷிர் வேலைக்குப் போனான், சாப்பிட்டான், தூங்கினான். எதுவும் உறைக்கவில்லை. அவர் முகத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் அழுகை வந்திருக்கும் என்று மட்டும் தோன்றியதாம்.

கோடு இறங்கியது.

நூற்றைம்பது மீட்டர்... தண்ணீருக்கு மேலே.

போன் செய்தான். "குணா, படகு எதுனா போவுதா?"

"இந்நேரத்துக்கு எவன் வருவான் மாமு? நாம ரெண்டு கிறுக்கனுங்கதான்."

நூற்றிருபது. எண்பது. கோடு ஒரு தாளத்தில் அசைந்தது. நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. நீளம்... குட்டை. பைக்கிலிருந்து விழுந்த பிறகு அத்தா இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார்.

நாற்பது. பத்து. தண்ணீரில் ஒரு சத்தமும் இல்லை.

இரண்டு மீட்டர். நின்றது.

டீசல் வாடை. ஈரக் கைலியின் வாடை. அதற்கும் அடியில்... வெள்ளிக்கிழமை மட்டும் அவர் தடவும் அத்தர். முபாஷிர் தலையை நிமிர்த்தினான். எதிரே மணல் மட்டும்.

திரையின் மூலையில் பெட்டி கற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தது. மூன்று. நான்கு. நிறுத்தும் பொத்தான் குணசேகரன் பக்கம்தான் இருந்தது.

ஆறு. ஏழு. போனைக் காதில் அழுத்திக்கொண்டான். டீக்குச் சர்க்கரை கேட்கிற குரலில்தான் பேசினானாம்.

ஒன்பது.

"மாமு... மெஷின் கத்துக்கறதுக்குள்ள நிறுத்து. எங்கத்தா வந்து நிக்கிறாரு."