மூச்சு வாங்கும் கார்

"நிறுத்தி வச்ச காருக்கு எப்படிங்க மூச்சு வாங்கும்?"

விவேக் நகரில் பஸ் ஏறிய தம்பதி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். லிங்கராஜபுரத்தில் ஏதோ கல்யாணமாம். பட்டுப்புடவையை நெரிசலில் கசங்காமல் பிடித்தபடி மனைவிதான் கேட்டார்.

"எலக்ட்ரிக் காருடி. ராத்திரியெல்லாம் ஃபேன் தானா ஓடுது. காலையில பார்த்தா சார்ஜே இல்லை."

"சர்வீஸ்ல என்ன சொன்னாங்க?"

"ஃபேன் நல்லாத்தான் இருக்காம். போன்ல ஆப்பைத் திறந்தா கார் முழிச்சுக்குமாம். முழிச்சா ஃபேனும் ஓடுமாம்."

"ராத்திரில யாரு திறக்கிறது?"

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான்தான். சார்ஜ் இறங்குதான்னு பார்க்க வேணாமா?"

"எத்தனை வாட்டி?"

"முழிப்பு வரும்போதெல்லாம்."

மனைவி புடவையை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"தூங்கிட்டியா, தூங்கிட்டியான்னு எழுப்பி எழுப்பிக் கேட்டா யாருக்குங்க தூக்கம் வரும்?"

பக்கத்தில் நின்ற கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார். கணவரும் அசடு வழியச் சிரித்தார். "இனிமே பார்க்கலை, போதுமா?"

அடுத்த சிக்னலில் பஸ் நின்றது. அவர் கை மெல்லச் சட்டைப் பைக்குப் போயிற்று. "இப்ப தூங்குதான்னு ஒரே ஒரு வாட்டி..."

மனைவி போனைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.