பட்டியலில் சேர்க்காத ஒருத்தி

ஓடுகிறேன். தொலைவில் ‘டப்’ என்று எறிகணை ஏவும் சத்தம். எண்ணுகிறேன். வழக்கமாகப் பதினொன்றில் செல் விழும். ஒன்பதில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை. காலை ஆறு இருபது. இலங்கைப் போரின் கடைசி நாட்கள், வன்னியில் ஒரு கடற்கரை. தோளில் மகள், மூன்று வயது. பின்னால் வந்த என் மனைவி ஜெசிந்தாவைக் காணவில்லை. திரும்பினேன். மணலில் கிடந்தாள். மூச்சு இல்லை.

அவளை அப்படியே போட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மகள் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மறுபடி ‘டப்’.

பதுங்குகுழியிலிருந்து ஒரு பெண் ஏறி வந்தாள். முன்பின் தெரியாதவள். நெற்றியில் திருநீறு. கத்தினாள்.

“பிள்ளையக் கொண்டு ஓடுங்கோ! இவவ நான் பாக்கிறன்!”

ஓடினேன். ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையாலும் மணலை அள்ளி ஜெசிந்தாவை மூடிக்கொண்டிருந்தாள். அடுத்த செல் அந்தப் பக்கம்தான் விழுந்தது. புகை. நான் நிற்கவில்லை. பெயரும் கேட்கவில்லை.

அயலாரை நேசிக்கச் சொல்லிச் சின்ன வயதிலிருந்து எத்தனையோ பிரசங்கம் கேட்டவன் நான். செய்து காட்டியது அவள்.

இப்போது மலேசியாவில், ஜொகூரின் உலு திராமில் இருக்கிறேன். அகதி அட்டை. ஒற்றை அறை. கார் கழுவும் கடையில் வேலை. மகள் கனடாவில், தன் சித்தியோடு. ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். மற்ற ஆறு நாளும் மனம்விட்டுப் பேச ஆளில்லை. தனிமை பழகிவிடும் என்றார்கள். பொய்.

கல்லறைத் திருநாளில் எல்லாரும் தங்கள் ஆட்களிடம் போகிறார்கள். எனக்குப் போகக் கல்லறை இல்லை. யாரும் வராத கல்லறைகளைத் தேடிப் போகிறேன். புல் பிடுங்குகிறேன். மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். பெரிய பக்திமான் என்று நினைக்க வேண்டாம். மணல் அள்ளியவள் செய்ததை அவளுக்கே திருப்பிச் செய்ய வழியில்லை. யாருக்காவது செய்துதானே ஆக வேண்டும்.

இந்த வருடம் மாலை நாலரைக்கு ஒரு தாதி மூச்சிரைக்க வந்தாள். சிங்கப்பூர் மருத்துவமனையில் வேலை. எல்லைப் பாலத்தில் நெரிசலாம்.

“அங்கிள், இது எங்கம்மா கல்லறை. அம்மாவ உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

நின்றபடியே அழுதாள். மூன்று வருடமாக அவளால் வர முடியவில்லை. பிறகு, பூசையில் வாசிக்கும் இறந்தோர் பட்டியலை வாங்கி வந்தாள்.

“உங்க ஆளுங்க பேரு சொல்லுங்க அங்கிள். நான் எழுதுறேன்.”

ஜெசிந்தா என்றேன். எழுதினாள். மணல் அள்ளியவளைப் பற்றியும் சொன்னேன். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை.

“பேரு தெரியாட்டி பரவால்ல லா. பெயர் தெரியாத சகோதரின்னு போட்டுறேன்.”

அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“எழுதாதேங்கோ பிள்ளை. அவ உயிரோட இருக்கலாம்.”

பூசையில் ஜெசிந்தாவின் பெயரை வாசித்தார்கள். கடைசி வரிசை வாங்கில் அவளுக்காக நான் மட்டும் எழுந்து நின்றேன்.

என் இழப்பு இவ்வளவு. மனைவி ஒருத்தி. கிணற்றோடு வீடு. ஊர்க் கோயில் பாடகர் குழுவில் என்னோடு பாடிய பதினேழு பேர். மகளின் மழலை முழுவதும். மணல் அள்ளியவளை இதில் சேர்க்கவில்லை. அவளுக்கு இப்போது ஐம்பது வயதிருக்கும்.