மாமனாருக்கான காற்று

காருக்குள் வரும் காற்றை வடிகட்ட ஒரு ஃபில்டர் இருக்கிறது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது, ஐயா. முன்சீட்டுக்கு எதிரே, சாமான் போட்டு வைக்கிற டாஷ்போர்டு பெட்டியைக் கழற்றினால் பின்னால் தெரியும். மடிப்பு மடிப்பாக விசிறி மாதிரி. ஏசி ஃபில்டர் என்பார்கள். எங்கள் காரில் அதை ஒழுங்காகக் கவனித்து வந்தவன் நான். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

என் மாமனார் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தி ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர். பார்வை மங்கிவிட்டதால் அவரை எங்கே அழைத்துப் போவதென்றாலும் நான்தான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, காலடியில் இல்லாத பிரேக்கை ஓங்கி ஓங்கி மிதிப்பார்.

"கிளட்ச்லேருந்து காலை எடுங்க மாப்பிள்ளை. கண்ணாடியப் பாருங்க. இப்ப எதுக்கு ஹாரன்?"

கல்யாணமான நாளிலிருந்து இதுதான். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு மழைக்காலத்தில் ஃபில்டரில் தண்ணீர் இறங்கிப் பூசணம் பிடித்துவிட்டது. எனக்குத் தெரியாது. ஏசியைப் போட்டேன். "அந்த லாரிய விட்டுட்டு..." என்று ஆரம்பித்தவருக்கு இருமல் வந்தது. மிச்சத்தை அவர் சொல்லவே இல்லை. ஏற்கெனவே ஆஸ்துமாக்காரர். வீடு வரைக்கும் ஒரே நிம்மதி. அன்றைக்கு நான் எவ்வளவு அழகாக ஓட்டினேன் தெரியுமா?

மறுநாள் பெட்டியைக் கழற்றிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. பார்த்துவிட்டு, அப்படியே திரும்ப மாட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு பராமரிப்பை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு ஃபில்டரை நனைத்து, பாலிதீன் பையில் கட்டி, கார் ஷெட்டின் இருட்டு மூலையில் வைத்தால் கரும்பச்சையாகப் பொசுபொசுவென்று வரும். மாட்டியிருப்பது காய்ந்து வீரியம் குறைந்ததும் அதை எடுத்துவிட்டு இதைச் சொருகுவேன். காற்று போகும் திசைக்கு அம்புக்குறி போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் சொருகுவேன். தலைகீழாக மாட்டுவதெல்லாம் பொறுப்பில்லாதவர்கள் வேலை. ஓட்டும்போது நான் மாஸ்க் போட்டுக்கொள்வேன்.

"என் சளி மாமாவுக்கு ஒட்டிக்கக் கூடாது பாருங்க அத்தை" என்றேன். மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டர், "எங்கயோ பூசணம் இருக்கு, வீட்ட நல்லாத் தேடிப் பாருங்க" என்றார். முன்னின்று தேடியவன் நான்தான். பழைய மெத்தையைத் தூக்கிப் போட்டேன். மனைவி ஆசையாக வளர்த்த பூந்தொட்டிகளை அப்புறப்படுத்தினேன். கடைசியில் வீட்டுப் பூனையையும் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டோம். அந்தப் பூனை நிரபராதி, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மனைவிக்கு ஒருநாள் திடீரென்று தோன்றியிருக்கிறது. "ஏங்க, கார்ல அந்த ஃபில்டர மாத்தினீங்களா?"

"போன வாரம்தானே மாத்தினேன்."

பொய் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

காரை விற்பதற்கு முன் பரிசோதிக்க வந்த மெக்கானிக், பெட்டியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாராம். ஷெட் மூலையில் பையில் கட்டியிருந்த இன்னொன்றையும் பார்த்துவிட்டு, நேராக ஸ்டேஷனுக்கு உங்களிடம்தான் வந்தாராம். தொழில் தெரிந்தவர். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

நீங்கள் கேட்பது அந்தக் கடைசிப் பயணத்தைப் பற்றி. மற்றவர்கள் கோயிலுக்குப் போயிருந்தார்கள். மத்தியானம் அவருக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது. உடனே காரில் ஏற்றினேன். ஒரு நொடி தாமதிக்கவில்லை. வழியில் ஜன்னலை இறக்கப் பொத்தானை அழுத்தினார். நான் என் பக்கத்திலிருந்து பூட்டி வைத்திருந்தேன்.

"ஜன்னல்... மாப்பிள்ளை... ஜன்னல்..."

"வெளிய ஒரே தூசி மாமா. உங்களுக்கு ஆகாது."

ஆஸ்பத்திரி வாசல் வந்தது. நான் உள்ளே திருப்பவில்லை. ரவுண்டானாவை ஒருமுறை சுற்றினேன். பிறகு இன்னொரு முறை. அவருடைய தலை கண்ணாடியில் சாய்ந்த பிறகுதான் உள்ளே திருப்பினேன்.

வழி நெடுக அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துக் கொட்டியது. ஏசியை முழுசாக வைத்து, காற்று நேராக அவர் முகத்தில் படும்படி திருப்பி விட்டேன். அதைக்கூடச் செய்யாத மருமகன்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.