பன்னிரண்டாவது மெமரி

தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கலாம். கத்தரிக்காயைக் காம்பு பார்த்து வாங்கலாம். கம்ப்யூட்டருக்குப் போடும் மெமரியை அப்படி எதுவும் செய்து வாங்க முடியாது டாக்டர். பார்ப்பதற்கு எல்லாம் ஒரே பச்சை அட்டை, ஒரே கறுப்புச் சில்லு. ஓட விட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை நீங்கள் மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது, அய்யூப் பாய் என்னை உங்கள் முன்னால் உட்கார வைத்தார். அவர் தங்கை நசீமாவுக்கு எப்போதிலிருந்து இப்படி ஆனது, அவள் வேலை செய்த கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறு இருந்ததா என்று என்னிடம் கேட்டீர்கள். இல்லை என்று சொன்னேன். வெளியே இன்னும் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். அவ்வளவு கூட்டத்தில் விளக்கமாகப் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் தேவஇரக்கம். வயது முப்பத்து நான்கு. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டர் செய்து கொடுக்கிறேன். தனி ஆள். கம்பெனி மெசின் வாங்க முடியாதவர்கள் என்னிடம் வருவார்கள். அய்யூப் பாயும் அப்படித்தான் சென்ற ஜனவரியில், நோன்புப் பெருநாள் முடிந்த வாரத்தில் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பையும் குடையும் விற்கிறவர். தன் தங்கைக்கு ஒரு மெசின் வேண்டும் என்றார்.

"விலை கம்மியாவும் இருக்கணும், வெரசாவும் ஓடணும் தம்பி. அவ டைப்பிங் படிச்சிருக்கா. வீட்டுல இருந்தே கல்யாணப் பத்திரிக்கை, நோட்டீஸ் எல்லாம் அடிச்சுக் குடுக்கப் போறா" என்றார்.

பிறகு அவரே மீதியையும் சொன்னார். நசீமாவின் கணவன் கடையநல்லூர்க்காரன். வேறு கல்யாணம் செய்துகொண்டு இவளை அனுப்பிவிட்டான். ஏழு வயதில் ஒரு மகள், நூர்னிசா. பிள்ளையை அனுப்பு என்று அந்த வீட்டார் கேட்கிறார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, அடுத்த பெருநாளுக்குள் நசீமா சொந்தக் காலில் நின்று காட்டினால் பிள்ளை தாயிடமே இருக்கட்டும் என்று முடிவு செய்திருந்தார்கள்.

ஆக, எதற்காக அந்த மெசின் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். இதை நான் மறைக்க விரும்பவில்லை.

குறைந்த விலையில் வேகம் வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. மெதுவாக ஓடும் புராசசரை வாங்கி, போர்டில் வேகத்தைக் குறிக்கும் ஜம்பர் என்ற சின்ன இணைப்பை மாற்றிப் போட்டால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும். புராசசர் தாங்கிக்கொள்ளும். தாங்காமல் போவது மெமரிதான். அதுவும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். எனவே மெமரியைத் தேர்ந்தெடுப்பதில்தான் எங்கள் தொழிலே இருக்கிறது. சென்னையிலிருந்து பன்னிரண்டு மெமரி தருவித்து, ஒவ்வொன்றையும் அரை நாள் ஓட விட்டுப் பார்த்தேன். ஒன்பது நன்றாக ஓடின. இரண்டு உயிரே இல்லாமல் கிடந்தன. பன்னிரண்டாவது வித்தியாசமானது. ஐம்பது நிமிடம் வரை ஒரு குறையும் இல்லை. சூடேறிய பிறகு எப்போதாவது ஒரே ஓர் எழுத்தை மாற்றிவிடும். மெசின் நிற்காது, தகராறு செய்யாது. ஆயிரம் எழுத்தில் ஒன்று வேறாகியிருக்கும், அவ்வளவுதான்.

அதன் மேல் சின்னதாக பிளாஸ்டர் ஒட்டித் தனியாக வைத்தேன்.

மெசினைக் கொண்டுபோய் வைத்து, நசீமாவுக்குச் சொல்லிக்கொடுக்க ஆறு நாள் போனேன். அவள் என்று எழுதுவதற்கு மன்னிக்கவும், மனதில் அப்படித்தான் வருகிறது. முன்னறையில் ஜன்னல் ஓரமாக மேசை. அய்யூப் பாயின் மனைவி அப்ரோஸ் பேகம் உள்ளே சமைத்துக்கொண்டிருப்பார். நூர்னிசா தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். நசீமா ஒரு வரி அடித்ததும் அதை வாய்விட்டுப் படிப்பாள். பிறகு என்னைப் பார்த்து, "சரியா இருக்காண்ணே?" என்பாள். நான் சரி என்றால்தான் அடுத்த வரிக்குப் போவாள். அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னிடம் எதையும் சரியா என்று கேட்டதில்லை.

ஆறாம் நாள் அவள் கற்றுக்கொண்டுவிட்டாள்.

அதன் பிறகு ஒரு மாதம் அந்த வீட்டிலிருந்து எனக்குப் போன் வரவில்லை. நல்ல மெசின் செய்து கொடுத்தவனை யாரும் தேடுவதில்லை. இது எங்கள் தொழிலில் உள்ள குறை. ஒருநாள் நானாகவே போன் செய்து, தூசி தட்டிக் கொடுக்க வேண்டும், இலவசம்தான் என்றேன். போய் மூடியைத் திறந்தேன். நசீமா டீ போட உள்ளே போனாள். அந்த இடைவெளியில் நல்ல மெமரியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிளாஸ்டரை உரித்துவிட்டு பன்னிரண்டாவதைச் செருகினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டீ நன்றாக இருந்தது.

விலை குறைவு என்பதால் போட்ட மெமரி என்று நீங்கள் நினைத்திருக்கக்கூடும். அப்படி நினைக்கும்படிதான் நானும் மேலே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று இப்போது படிக்கையில் தெரிகிறது. விலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை போன் வந்தது. எழுத்து மாறுகிறது, படம் கலைகிறது என்பாள். பஸ் ஏறிப் போவேன். மெமரியைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களை ரப்பரால் தேய்த்து மாட்டுவேன். அதற்குள் அது ஆறியிருக்கும். ஐம்பது நிமிடத்துக்கு ஒரு பிழையும் வராது. நான் அங்கே இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான்.

"நீங்க வந்து தொட்டாத்தாண்ணே இது அடங்குது" என்று ஒருநாள் சிரித்தாள்.

எனக்கு அது போதும். அதற்கு மேல் நான் எதையும் நினைத்ததில்லை. அவள் விரல்கூட என் மேல் பட்டதில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மே மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகை வேலை வந்தது. சுந்தரபாண்டியத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். மணமகன் வில்சன், மணமகள் அன்னாள். நசீமா அடித்து, ஒரு பிரிண்ட் எடுத்து, அவர்களிடம் காட்டினாள். எல்லாம் சரி என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் வேறு வேலைகளை முடித்துவிட்டு அதே பத்திரிகையைத் திறந்து அச்சகத்துக்கு ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். அச்சாகி வந்தபோது மணமகள் பெயர் 'அன்னார்' என்று இருந்தது. செத்துப்போனவர்களுக்குப் போடும் நோட்டீசில்தான் அன்னார் என்று எழுதுவார்கள். பெண்ணின் தாயார் அந்தப் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு அய்யூப் பாய் கடை வாசலில் நின்று அழுதிருக்கிறார்.

எனக்குப் போன் வந்தது. போனேன். நசீமா இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"இதுல சரியா இருக்கு. இதுல தப்பா இருக்கு. நடுவுல நான் தொடவே இல்லண்ணே. அல்லா சத்தியமா தொடவே இல்ல."

"தொடாம எப்படி மாறும்?" என்றார் அய்யூப் பாய். "பேயா வந்து மாத்துது?"

நசீமா என்னைப் பார்த்தாள். நான் இரண்டு தாளையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அது பன்னிரண்டாவது மெமரியின் வேலை என்று பார்த்ததுமே தெரிந்தது. "கை தவறிப் பட்டிருக்கலாம்" என்றேன்.

அதன் பிறகு அவள் ஒவ்வொரு வரியையும் முதலில் நோட்டில் கையால் எழுதி, பிறகு மெசினில் அடித்து, இரண்டையும் விரல் வைத்து ஒப்பிட ஆரம்பித்தாள். ஒரு பக்கம் முடிக்க ஒரு நாள் ஆயிற்று. அவ்வளவு செய்தும் ஜூலையில் ஒரு பள்ளிக்கூடத்துக் கணக்குக் கேள்வித்தாளில் மூன்று எண்கள் மாறிப்போயின. அந்தப் பள்ளிக்கூடம் இனி வேலை தர முடியாது என்று சொல்லி அனுப்பியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அய்யூப் பாய் என்னை வரச் சொன்னார். முதலில் யாரும் மெசினை ஆன் செய்ய வேண்டாம், நான் வந்து போட்டுக்கொள்கிறேன் என்று போனிலேயே சொல்லிவிட்டேன். காலை பத்து மணிக்கு எல்லோரும் முன்னறையில் இருந்தார்கள். அப்ரோஸ் பேகம் கதவோரம் நின்றார். நூர்னிசா தாயின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும் தம்பி" என்றார் அய்யூப் பாய். "மெசினுக்குக் கோளாறா, இல்ல இவளுக்கா? மெசின்னா சொல்லிருங்க. வித்துப்புட்டு வேற வாங்கித் தாரேன். கடையநல்லூருலேருந்து ஆள் மேல ஆள் வருதான். எம்புட்டு நாள் நான் பதில் சொல்லுதது?"

நான் ஆன் செய்தேன். மெசின் எழும்போது தன் மெமரியைத் தானே எண்ணிப் பார்க்கும். எண்கள் கடகடவென்று ஓடி, எல்லாம் சரி என்று திரையில் வந்தது. அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். நசீமாவை ஒரு பக்கம் அடிக்கச் சொன்னேன். அடித்தாள். பிரிண்ட் எடுத்துப் பார்த்தோம். ஒரு பிழை இல்லை. நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

அன்று என் சட்டைப்பையில் அந்த நல்ல மெமரி இருந்தது. போகிற ஒவ்வொரு தடவையும் அதை எடுத்துக்கொண்டுதான் போவேன். எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம் என்பது எனக்கு ஒரு நிம்மதி. ஆனால் மெசின் மேல்தான் குற்றம் என்று சொன்னால் அதை விற்றுவிட்டு வேறு ஆளிடம் வேறு மெசின் வாங்குவார்கள். சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் மறுபடி போன் வராது. இரண்டையும் யோசித்துப் பார்த்தேன்.

"மெசின்ல ஒரு குத்தமும் இல்ல பாய்" என்றேன். "கம்ப்யூட்டர் தானா எதையும் மாத்தாது. நாம குடுக்கிறதைத்தான் அது திருப்பித் தரும்."

நசீமா என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபப்படுவாள் என்று நினைத்திருந்தேன்.

"அப்ப என் கண்ணுதான்" என்றாள்.

பொறுமையாக, ஒரு வரியைச் சரிபார்த்து முடித்ததுபோலச் சொன்னாள்.

மற்றதெல்லாம் நீங்கள் எழுதிக்கொண்ட சீட்டிலேயே இருக்கிறது. உப்புப் போட்டேனா என்று நான்கு தடவை கேட்டது, பூட்டிய கதவைத் திரும்பத் திரும்பப் போய் இழுத்துப் பார்த்தது, பிள்ளை சாப்பிட்டதா என்று பிள்ளையிடமே நாள் முழுக்கக் கேட்டது. கண் டாக்டரிடம் போனார்கள். கண்ணில் ஒன்றும் இல்லை என்றார். பிறகு ஒரு தர்காவில் நாற்பது நாள் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த நாற்பது நாளில்தான் கடையநல்லூரிலிருந்து கார் வந்தது. தாய்க்குப் புத்தி சரியில்லை, பிள்ளையை எப்படி இங்கே விடுவது என்றார்கள். நூர்னிசா போகமாட்டேன் என்று மேசைக் காலைப் பிடித்துக்கொண்டதாம். விரல் விரலாகப் பிரித்துத் தூக்கிப் போனதாக அப்ரோஸ் பேகம் சொன்னார். நான் அன்று அங்கே இல்லை.

செப்டம்பரில் மெசினை விற்றார்கள். கான்சாபுரத்தில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் பால்ச்சாமி வாங்கிக்கொண்டார். அவர் எடுத்துப்போவதற்கு முந்தின நாள் நான் போய், நல்ல மெமரியைத் திரும்பப் போட்டுவிட்டேன். பால்ச்சாமி விவரமான ஆள். திறந்து சோதிப்பார். என் பெயர் கெட்டுப்போகும். அந்த மெசின் இன்று வரை அங்கே ஒரு பிழை இல்லாமல் ஓடுகிறது. அய்யூப் பாய் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"அவர்ட்ட ஒரு எழுத்து மாறலையாம் தம்பி. அப்ப எங்க நசீமாதான்..." என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போனார். இதை அவளிடமும் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் அவள் சுத்தமாகப் பேச்சை நிறுத்தினாள்.

இதுதான் நடந்தது. நசீமாவின் கண்ணிலும் புத்தியிலும் ஒரு குறையும் இருந்ததில்லை. அவள் அடித்ததெல்லாம் சரி. தெரிந்தே மெமரியை மாற்றினேன், தெரிந்தே பொய் சொன்னேன். பன்னிரண்டாவது மெமரி என்னிடம்தான் இருக்கிறது. கேட்டால் தருகிறேன்.

ஆனால் இந்தக் கடிதத்தால் பெரிய பலன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மெசினில் கோளாறு இருந்திருக்கலாம் அம்மா என்று நீங்களே அவளிடம் சொல்லிப் பார்த்ததாகச் சொன்னீர்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் வாய் திறந்தாளாம். "இல்ல டாக்டர், அந்த அண்ணன் பாத்துட்டாரு, அவரு பொய் சொல்ல மாட்டாரு" என்றாளாம். நீங்கள் அதைச் சொன்னபோது நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கவனித்திருப்பீர்கள்.

போன வாரம் நான் பார்க்கப் போனபோது அவள் ஒரு தாளில் நூர்னிசா என்று எழுதியிருந்தாள். பக்கம் முழுக்க அதே பெயர். ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றையும் தப்பு என்று கோடு போட்டு அடித்திருந்தாள். தாளை என் பக்கம் திருப்பிவைத்து என் முகத்தைப் பார்த்தாள். எல்லாமே சரியாகத்தான் இருந்தன. சொன்னேன். நம்பவில்லை. அடுத்த தாளை எடுத்தாள்.

பெருநாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பிள்ளை இனித் திரும்ப வராது என்று அய்யூப் பாயே சொல்லிவிட்டார். என் மேல் புகார் கொடுப்பதென்றால் கொடுங்கள். எந்தச் சட்டத்தில் இது வரும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை அவள் தேறினால், கையில் ஒரு வேலை வேண்டும். ஒரு மெசின் செய்து தருகிறேன், இந்தத் தடவை நல்ல மெமரியாகவே பார்த்துப் போடுகிறேன். வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்ளவும் செய்வேன். வேறு ஆட்களை மட்டும் அந்த வீட்டுக்குள் விட வேண்டாம் என்று அய்யூப் பாயிடம் சொல்லிவையுங்கள் டாக்டர். தெரியாத ஆள் யாராவது வந்து அவளைக் குழப்பிவிடுவார்கள்.